பச்சை டிக்கை எப்போது நம்பலாம்? சிஐ-க்கு பில்டு, டெஸ்ட் ஸ்கிரிப்ட் எழுதும் வழி

நான் முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில், மூன்று வாரமாக எல்லா கமிட்டுக்கும், அதாவது நிரலில் பதிவுசெய்த ஒவ்வொரு மாற்றத்துக்கும், ‘டெஸ்ட் தேறியது’ என்ற பச்சை டிக் விழுந்துகொண்டே இருந்தது. நான்காவது வாரம் ஒருவர் தன் மடிக்கணினியில் டெஸ்ட்களை ஓட்டிப் பார்த்தார். 14 டெஸ்ட்கள் உடைந்து கிடந்தன. சர்வரிலும் அவை உடைந்துதான் இருந்தன. ஓட்டத்தின் பதிவான லாகைத் திறந்தால் அந்த 14 பெயர்களும் அங்கே வரிசையாக இருந்தன. பச்சை டிக் விழுந்த பிறகு லாகை யார் திறந்து பார்ப்பார்கள்? டெஸ்ட் வெளியீட்டை ஒரு கோப்பிலும் சேமித்து வைக்கலாமே என்று நல்லெண்ணத்தில் யாரோ சேர்த்த ஒரு சின்னத் துணுக்கு, தோல்வியை விழுங்கிவிட்டது. அதைச் சரிசெய்ய ஒரு வரி போதுமாக இருந்தது. அந்த 14 டெஸ்ட்களுக்குப் பின்னால் இருந்த பிழைகளைத் தேடித் திருத்த ஒரு வாரம் ஆயிற்று.

அதனால் சிஐ அமைக்கப் புதிதாக வருகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது வேகத்தைப் பற்றியோ கருவியைப் பற்றியோ இல்லை. உடைந்தால் சிவப்பாக வேண்டும், அதுதான் முதல் வேலை. மற்றதெல்லாம் அப்புறம். இந்தக் கட்டுரையும் அந்த வரிசையில்தான் போகிறது.

சிஐ என்பது கன்டினியூயஸ் இன்டகிரேஷன். நீங்கள் நிரலை கிட்ஹப் போன்ற இடத்துக்கு அனுப்பியதும் (இதைத்தான் புஷ் என்கிறோம்), எங்கோ இருக்கும் ஒரு புதுக் கணினி அதை எடுத்து, நிறுவக்கூடிய வடிவில் கட்டி (அதாவது பில்டு செய்து), டெஸ்ட்களை ஓட்டி, தேறியதா இல்லையா என்று சொல்லும். அந்தக் கணினிக்கு ரன்னர் என்று பெயர். ஜென்கின்ஸ், கிட்லேப், கிட்ஹப் ஆக்‌ஷன்ஸ் என்று கருவிகள் பல உண்டு. நான் இங்கே கிட்ஹப் ஆக்‌ஷன்ஸையும் பைத்தானையும் எடுத்துக்கொள்கிறேன். கல்லூரி மாணவர்கள் பெரும்பாலும் அங்கிருந்துதான் தொடங்குகிறார்கள். கட்டளைகளின் பெயர்களைத் தமிழ் எழுத்தில் ஒலிப்படியே எழுதியிருக்கிறேன். டெர்மினலில் அடிக்கும்போது வழக்கமான ஆங்கில எழுத்தில் அடித்துக்கொள்ளுங்கள்.

எடுத்துக்காட்டுத் திட்டம்

சும்மா இரண்டும் இரண்டும் நான்கு என்று டெஸ்ட் எழுதிப் பழகினால் சிஐ எதற்கு என்பதே புரியாது. நம் மொழியிலேயே ஒரு நல்ல சிக்கல் இருக்கிறது. பைத்தானிடம் ‘தமிழ்’ என்ற சொல்லின் நீளத்தைக் கேளுங்கள், 5 என்று சொல்லும். நமக்கு அது மூன்று எழுத்து. த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று யூனிகோடு ஐந்து குறியீடுகளாக வைத்திருப்பதால் வரும் வேறுபாடு இது. ஆகவே தமிழ்ச் சொல்லில் எத்தனை எழுத்து என்று சரியாக எண்ணும் ஒரு சிறு நூலகம் எழுதுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். கூடவே, ஒரு சொற்பட்டியல் கோப்பிலிருந்து தினம் ஒரு சொல்லை எடுத்துக் கொடுக்கும் இன்னொரு செயல்பாடும் இருக்கட்டும்.

டெஸ்ட்கள் நான்கைந்து போதும். ‘தமிழ்’ 3 என்று வர வேண்டும். ‘மாலை’ 2 என்று வர வேண்டும். வெற்றுச் சொல்லுக்கு 0. அப்புறம் ஒரு நுட்பமானது: ‘கொ’ என்ற எழுத்தை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம். ககரத்தோடு ஒகரக் குறி ஒன்றைச் சேர்த்தால் இரண்டு குறியீடு. ககரம், எகரக் கொம்பு, துணைக்கால் என்று பிரித்து எழுதினால் மூன்று குறியீடு. திரையில் இரண்டும் ஒன்றேபோல் தெரியும். இரண்டுக்கும் விடை 1 என்றே வர வேண்டும். இந்த டெஸ்ட்டை மட்டும் விட்டுவிடாதீர்கள், தமிழ் உரையைக் கையாளும் நிரல்கள் அடிக்கடி சறுக்கும் இடம் இதுதான்.

முதல் படி: கட்டளை முடிந்ததும் என்ன சொல்கிறது?

ரன்னருக்குத் தமிழ் தெரியாது, ஆங்கிலமும் தெரியாது. ‘14 ஃபெயில்டு’ என்று லாகில் வந்தாலும் அதை அது படிப்பதில்லை. அது பார்ப்பது ஒரே ஓர் எண்ணை. ஒவ்வொரு கட்டளையும் முடியும்போது ஓர் எண்ணைத் திருப்பித் தரும், அதை எக்ஸிட் கோட் என்கிறோம். 0 என்றால் எல்லாம் நலம். வேறு எந்த எண்ணானாலும் தோல்வி. பச்சையும் சிவப்பும் அவ்வளவுதான்.

இதைக் கண்ணால் பார்த்துவிடுங்கள். டெர்மினலில், பைத்தான் டெஸ்ட்களை ஓட்டும் கருவியான பைடெஸ்ட்டை ஓட்டுங்கள். முடிந்ததும் எக்கோ என்று அடித்து, இடைவெளி விட்டு, டாலர் குறியும் கேள்விக்குறியும் சேர்த்து அடியுங்கள். எல்லா டெஸ்ட்டும் தேறியிருந்தால் 0 என்று வரும். ஒரு டெஸ்ட்டை வேண்டுமென்றே உடைத்துவிட்டு மறுபடி பாருங்கள், 1 என்று வரும். டெஸ்ட் கோப்பின் பெயரை மாற்றிவிட்டுப் பாருங்கள், 5 என்று வரும். பைடெஸ்ட்டில் 5 என்றால் ‘ஓட்டுவதற்கு ஒரு டெஸ்ட்டும் கிடைக்கவில்லை’ என்று பொருள். கோப்பின் பெயர் டெஸ்ட் என்று தொடங்கி ஓர் அடிக்கோடு வர வேண்டும், அல்லது அடிக்கோடும் டெஸ்ட்டுமாக முடிய வேண்டும். இல்லையென்றால் பைடெஸ்ட் அதைத் தானாகக் கண்டுகொள்ளாது.

இன்னும் சில எண்களை மனத்தில் வைத்துக்கொண்டால் பின்னால் உதவும். 127 என்றால் அந்தக் கட்டளையோ கோப்போ அங்கே இல்லை. 126 என்றால் கோப்பு இருக்கிறது, ஆனால் அதை இயக்க அனுமதி இல்லை. 137 என்றால் யாரோ வெளியிலிருந்து நிரலைக் கொன்றுவிட்டார்கள். சிஐ-யில் பெரும்பாலும் மெமரி தீர்ந்துபோனதால் இது நடக்கும்.

இரண்டாம் படி: எல்லாவற்றையும் ஒரே ஸ்கிரிப்ட்டில் வையுங்கள்

புதியவர்கள் பலர் சிஐ-யின் அமைப்புக் கோப்பிலேயே எல்லாக் கட்டளைகளையும் எழுதிவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் ஒவ்வொரு திருத்தத்துக்கும் புஷ் செய்து, இரண்டு நிமிடம் காத்திருந்து, லாகைப் பார்த்து, மறுபடி புஷ் செய்ய வேண்டியதுதான். ‘சிஐ ஃபிக்ஸ்’ என்ற பெயரில் ஒரே மதியத்தில் 20 கமிட் விழுந்த ரெப்போக்களை (திட்டத்தின் நிரலும் அதன் வரலாறும் இருக்கும் இடங்களை) நான் பார்த்திருக்கிறேன். அதற்குப் பதிலாக, திட்டத்தின் மேல்மட்ட ஃபோல்டரில் செக் என்ற பெயரில் ஒரு பாஷ் ஸ்கிரிப்ட் (டெர்மினல் கட்டளைகளை வரிசையாக எழுதிய கோப்பு) வையுங்கள். உங்கள் கணினியிலும் அதையே ஓட்டுங்கள், ரன்னரும் அதையே ஓட்டட்டும். நாளைக்கு கிட்ஹப்பிலிருந்து கிட்லேப்புக்கு மாறினாலும் ஸ்கிரிப்ட் அப்படியே கூட வரும்.

ஸ்கிரிப்ட்டின் முதல் வரி, இதை பாஷ் கொண்டு ஓட்டு என்று சொல்லும் வழக்கமான வரி. இரண்டாவது வரிதான் உயிர். செட் என்ற கட்டளைக்கு ஈ, யூ, ஓ என்ற மூன்று விருப்பங்களையும், ஓ-வுக்குப் பின்னால் பைப்ஃபெயில் என்ற சொல்லையும் கொடுக்க வேண்டும். மூன்றும் என்ன செய்கின்றன என்று தெரிந்துகொண்டு எழுதுங்கள். தெரியாமல் ஒட்டிவைத்தால், என்றாவது ஒரு நாள் தொந்தரவாக இருக்கிறதென்று நீங்களே எடுத்துவிடுவீர்கள்.

ஈ: எந்தக் கட்டளை தோற்றாலும் ஸ்கிரிப்ட் அங்கேயே நின்றுவிடும். இது இல்லாவிட்டால் பாஷ் தோல்வியைத் தாண்டி அடுத்த வரிக்குப் போய்விடும். கடைசி வரியின் எண்தான் முழு ஸ்கிரிப்ட்டின் எண். நடுவில் டெஸ்ட் தோற்று, கடைசியில் ‘முடிந்தது’ என்று எக்கோ செய்தால், எக்கோ வெற்றி பெற்றதால் பச்சை விழும்.

யூ: மதிப்பே இல்லாத மாறியைப் பயன்படுத்தினால் நிறுத்திவிடும். ஒரு ஃபோல்டரின் பெயரை மாறியில் வைத்து, அதற்குள் இருப்பதையெல்லாம் அழி என்று எழுதியிருக்கிறீர்கள், மாறியின் பெயரில் ஓர் எழுத்துப் பிழை. யூ இல்லையென்றால் அந்த மாறி வெற்றாகி, அழிக்கும் கட்டளை கணினியின் அடி ஃபோல்டரான ரூட்டை நோக்கித் திரும்பிவிடும். யோசித்துப் பாருங்கள்.

பைப்ஃபெயில்: நான் தொடக்கத்தில் சொன்ன மூன்று வாரக் கதை இதைப் பற்றியதுதான். பைடெஸ்ட்டின் வெளியீட்டை ஒரு பைப் குறி போட்டு டீ என்ற கட்டளைக்கு அனுப்பியிருந்தார்கள். டீ, வருவதைத் திரையிலும் காட்டும், கோப்பிலும் எழுதும். பைப்பால் இணைத்த கட்டளைகளில் கடைசிக் கட்டளையின் எண்தான் மொத்தத்தின் எண்ணாகும். பைடெஸ்ட் 1 என்று தோற்றது. டீ தன் வேலையை ஒழுங்காகச் செய்து 0 என்றது. ரன்னருக்குப் போய்ச் சேர்ந்தது 0. பைப்ஃபெயில் இருந்தால், வரிசையில் எது தோற்றாலும் மொத்தமும் தோல்வி.

இங்கே கிட்ஹப் ஆக்‌ஷன்ஸில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. லினக்ஸ் ரன்னரில் எந்த ஷெல் (கட்டளைகளை ஓட்டும் பாஷ் போன்ற நிரல்) என்று நீங்கள் எழுதாவிட்டால், அது பாஷை ஈ விருப்பத்தோடு மட்டும் ஓட்டும். ஷெல் என்ற இடத்தில் பாஷ் என்று நீங்களே எழுதினால்தான் பைப்ஃபெயிலும் சேர்ந்து வரும். இரண்டும் பாஷ்தான், ஆனால் நடத்தை வேறு. ஸ்கிரிப்ட்டுக்குள்ளேயே இரண்டாவது வரியை எழுதிவிட்டால் இந்தக் கவலையே வேண்டாம்.

மூன்றாம் படி: பில்டு செய்ததை டெஸ்ட் செய்யுங்கள்

இனி ஸ்கிரிப்ட்டின் மீதி வரிகள். மூன்றாவது வரியில், ஸ்கிரிப்ட் இருக்கும் ஃபோல்டருக்கே போகச் சொல்லுங்கள். எங்கிருந்து அழைத்தாலும் ஓட வேண்டும். பிறகு பழைய டிஸ்ட் ஃபோல்டரையும் (பில்டு செய்தவை விழும் இடம்) பழைய வென்வையும் (இந்தத் திட்டத்துக்கு மட்டுமான தனிப் பைத்தான் சூழல்) அழித்துவிட்டு, புதிதாக ஒரு வென்வ் உருவாக்குங்கள். அதில் பைடெஸ்ட்டையும் பில்டு கருவியையும், பதிப்பு எண்கள் குறித்த ரிக்வயர்மென்ட்ஸ் கோப்பிலிருந்து நிறுவுங்கள். பதிப்பு எண் இல்லாமல் வெறும் பெயரை எழுதினால், இன்றைக்கு ஒரு பதிப்பும் அடுத்த மாதம் இன்னொன்றும் வந்து நிற்கும். உங்கள் நிரலில் ஓர் எழுத்தும் மாறாமல் சிவப்பாகும். ஜாவாஸ்கிரிப்ட்டுக்கான நோட் பயன்படுத்துகிறவர்கள் இதே காரணத்துக்காக என்பிஎம் இன்ஸ்டாலுக்குப் பதிலாக என்பிஎம் சிஐ என்ற கட்டளையைப் பயன்படுத்துங்கள். அது, பதிப்புகளைப் பூட்டிவைக்கும் லாக் கோப்பில் (முன்பு சொன்ன பதிவு லாக் இல்லை) உள்ள பதிப்புகளை அப்படியே நிறுவும், கோப்பு ஒத்துவராவிட்டால் தோற்றுவிடும்.

அடுத்து பில்டு. பைத்தானுக்கு எதற்கு பில்டு என்று கேட்கிறவர்கள் உண்டு. நம் திட்டத்தில் சொற்பட்டியல் கோப்பு ஒன்று இருக்கிறதல்லவா? அதை வைத்துச் சொல்கிறேன். உங்கள் ஃபோல்டரில் அந்தக் கோப்பு இருக்கிறது, டெஸ்ட் தேறுகிறது, வெளியிட்டுவிட்டீர்கள். பைத்தான் பேக்கேஜ்களை நிறுவும் பிப் வழியாக அதை நிறுவியவர் ஓட்டிப் பார்த்தால் ‘கோப்பு இல்லை’ என்கிறது. பில்டு செய்யும் செட்டப்டூல்ஸ் பைத்தான் கோப்புகளைத் தானாக எடுத்துக்கொள்ளும், உரைக் கோப்புகளை நீங்கள் பேக்கேஜ் டேட்டா என்று அறிவித்தால்தான் எடுக்கும். அறிவிக்க மறந்தால், பில்டு செய்து கிடைக்கும் வீல் கோப்புக்குள் சொற்பட்டியல் போகாது. உங்கள் கணினியில் இது ஒருநாளும் தெரியவராது, ஏனென்றால் நீங்கள் ஓட்டுவது மூல ஃபோல்டரிலிருந்து.

ஆகவே வரிசை இப்படி இருக்கட்டும்: வீலை பில்டு செய், அந்த வீலை வென்வில் நிறுவு, பிறகு டெஸ்ட்டை ஓட்டு. ஒரு முன்னெச்சரிக்கையும் வேண்டும். பைத்தான் மைனஸ் எம் பைடெஸ்ட் என்று ஓட்டினால், இப்போது இருக்கும் ஃபோல்டரையும் தேடும் இடங்களில் பைத்தான் சேர்த்துக்கொள்ளும். உங்கள் பேக்கேஜ் மேல்மட்டத்திலேயே கிடந்தால் வீலை விட்டுவிட்டு அதைத்தான் எடுக்கும், நாம் பட்ட பாடு வீண். பேக்கேஜை எஸ்ஆர்சி என்ற ஃபோல்டருக்குள் தள்ளி வையுங்கள். அப்போது நிறுவியது மட்டுமே கண்ணில் படும்.

இந்த மொத்த ஸ்கிரிப்ட்டும் 10 வரிக்குள் அடங்கும். இதை முதலில் உங்கள் கணினியில் ஓட்டி, 0 வருகிறதா என்று பார்த்த பிறகுதான் அடுத்த படி.

நான்காம் படி: அமைப்புக் கோப்பு

ரெப்போவில் புள்ளியில் தொடங்கும் கிட்ஹப் என்ற ஃபோல்டர், அதற்குள் ஒர்க்ஃப்ளோஸ் என்ற ஃபோல்டர், அதற்குள் சிஐ-யின் அமைப்பை எழுதும் யாமல் வடிவக் கோப்பு. யாமலில் உள்தள்ளலுக்கு டேப் விசை கூடாது, இடைவெளி மட்டுமே. பாதி நேரம் புதியவர்களின் முதல் பிழை இதுதான்.

கோப்பில் சொல்ல வேண்டியவை குறைவு. எப்போது ஓட வேண்டும்: புஷ் செய்யும்போதும் புல் ரிக்வெஸ்ட் (என் மாற்றத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்ற கோரிக்கை) வரும்போதும். எந்தக் கணினியில்: உபுண்டு 24.04. இந்த இடத்தில் உபுண்டு லேட்டஸ்ட் என்று எழுதுகிற பழக்கம் பரவலாக இருக்கிறது. லேட்டஸ்ட் என்பது நகர்ந்துகொண்டே இருக்கும் பெயர். 2024 இறுதியில் தொடங்கி 2025 ஜனவரிக்குள் அது 22.04-இலிருந்து 24.04-க்கு மாறியது. முன்பே நிறுவப்பட்டிருந்த கருவிகளை நம்பியிருந்த ஸ்கிரிப்ட்கள் பலவும் அப்போது உடைந்தன. எண்ணைக் குறிப்பிட்டு எழுதினால், எப்போது மாறுவது என்பது உங்கள் கையில் இருக்கும்.

அப்புறம் மூன்று ஸ்டெப்கள். முதலாவது செக்அவுட். ரன்னர் வெறும் கணினிதான். உங்கள் நிரலை எடுத்துவா என்று சொன்னால்தான் எடுத்துவரும். இதை மறந்தால் 127 வரும், இப்போது அந்த எண்ணின் பொருள் உங்களுக்குத் தெரியும். செக்அவுட் இயல்பாகக் கடைசி கமிட்டை மட்டுமே எடுக்கும் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். வெளியீட்டைக் குறிக்கும் டேக்கைப் பார்த்துப் பதிப்பு எண்ணைக் கணக்கிடும் திட்டங்களில் இதனால் எண் தவறாக வரும். ஃபெட்ச் டெப்த்தை 0 என்று வைத்தால் முழு வரலாறும் வரும்.

இரண்டாவது ஸ்டெப், பைத்தானை நிறுவுவது. இங்கே எனக்குத் தெரிந்து எத்தனையோ பேர் விழுந்த ஒரு குழி இருக்கிறது. பைத்தான் பதிப்பு 3.10 என்று மேற்கோள் குறி இல்லாமல் எழுதினால், யாமல் அதை எண்ணாகப் படிக்கும். எண்ணாகப் படித்தால் 3.10-உம் 3.1-உம் ஒன்றுதானே? ‘3.1 என்ற பதிப்பு கிடைக்கவில்லை’ என்று பிழை வரும், நீங்கள் அப்படி எழுதவே இல்லையே என்று திகைப்பீர்கள். பதிப்பு எண்களை எப்போதும் மேற்கோள் குறிக்குள் எழுதுங்கள், அது 3.12 ஆனாலும் சரி.

மூன்றாவது ஸ்டெப்: பாஷ் கொண்டு நம் செக் ஸ்கிரிப்ட்டை ஓட்டு. அவ்வளவுதான்.

இவற்றோடு, டைம்அவுட் மினிட்ஸ் என்ற அமைப்பில் 10 என்று எழுதிவிடுங்கள். எழுதாவிட்டால் கிட்ஹப்பின் இயல்பு வரம்பு 360 நிமிடம். பதில் வராத ஒரு சர்வருக்காகக் காத்து நிற்கும் ஒரே ஒரு டெஸ்ட், ஆறு மணி நேரம் ரன்னரைப் பிடித்துவைத்திருக்கும். தனியார் ரெப்போவுக்கு இலவசக் கணக்கில் மாதம் 2000 நிமிடம் தருகிறார்கள். இப்படி ஆறு முறை தொங்கினால் மாதக் கணக்கு காலி.

ஐந்தாம் படி: சிவப்பைப் பார்க்காமல் நகராதீர்கள்

முதல் புஷ்ஷில் பச்சை வந்துவிட்டால் மகிழ்ச்சி வரும். வரட்டும். ஆனால் இன்னும் அந்தப் பச்சைக்கு மதிப்பில்லை. அது டெஸ்ட் தேறியதால் வந்ததா, டெஸ்ட்டே ஓடாததால் வந்ததா என்று உங்களுக்குத் தெரியாது.

ஒரு தனி பிராஞ்ச் (நிரலின் தனிக் கிளை) எடுத்து மூன்று முறை உடையுங்கள். ஒன்று, ‘தமிழ்’ என்பதற்கு விடை 5 என்று டெஸ்ட்டை மாற்றுங்கள். இரண்டு, பைடெஸ்ட் வரியின் முடிவில் பைப் போட்டு டீ சேர்த்து, அதே உடைந்த டெஸ்ட்டை மறுபடி புஷ் செய்யுங்கள். மூன்று, டெஸ்ட்டைச் சரியாக்கிவிட்டு, சொற்பட்டியலின் பேக்கேஜ் டேட்டா அறிவிப்பை நீக்குங்கள். மூன்று முறையும் சிவப்பு வர வேண்டும். எதிலாவது பச்சை வந்தால் ஸ்கிரிப்ட்டில் ஓட்டை இருக்கிறது, அதை இப்போதே அடைத்துவிடலாம். மூன்றுக்கும் சேர்த்து கால் மணி நேரம் ஆகும். நான் புதிதாக அமைக்கும் ஒவ்வொரு திட்டத்திலும் இன்றும் இதைச் செய்கிறேன்.

அப்புறம், கட்டளையின் பின்னால் இரண்டு பைப் குறி போட்டு ட்ரூ என்று எழுதியிருக்கிறதா என்று ஸ்கிரிப்ட் முழுக்கத் தேடுங்கள். ‘இது தோற்றாலும் பரவாயில்லை, 0 என்று சொல்’ என்பது அதன் பொருள். அவசரத்துக்கு ஒருவர் சேர்த்துவிட்டுப் போவார், பிறகு அதை யாரும் எடுப்பதில்லை. அமைப்புக் கோப்பில் கன்டினியூ ஆன் எரர் என்ற வரியும் இதே வகை.

ஆறாம் படி: ‘என் கணினியில் ஓடுதே!’

உங்களிடம் தேறி ரன்னரில் தோற்றால் எரிச்சல் வரும். ஆனால் அந்தச் சிவப்பு சொல்வது உண்மை: நிரல் உங்கள் கணினியில் இருக்கும் ஏதோ ஒன்றை நம்பியிருக்கிறது. நான் அடிக்கடி பார்ப்பவை நான்கு.

முதலாவது, வரி முடிவு. விண்டோஸில் எழுதிய ஸ்கிரிப்ட்டில் ஒவ்வொரு வரியின் முடிவிலும் கண்ணுக்குத் தெரியாத ஒரு கூடுதல் எழுத்து இருக்கும். ஸ்கிரிப்ட்டை நேரடியாக இயக்கினால், லினக்ஸ் அதையும் பெயரின் பகுதியாகப் படித்து, ‘பாஷ் என்று ஒன்று இல்லை’ என்று சொல்லும். பாஷ் கொண்டு ஓட்டினாலும் செட் வரியிலேயே உடையும். கிட் அட்ரிபியூட்ஸ் கோப்பில், ஷெல் ஸ்கிரிப்ட்களுக்கு வரி முடிவு எல்எஃப் (லினக்ஸின் வரி முடிவு) என்று ஒரு வரி எழுதிவிட்டால் இந்தச் சிக்கல் தீர்ந்தது.

இரண்டாவது, பெரிய எழுத்து, சின்ன எழுத்து. விண்டோஸுக்கும் இயல்பான மேக் கணினிக்கும் கோப்புப் பெயரில் இந்த வேறுபாடு கிடையாது, லினக்ஸுக்கு உண்டு. சொற்பட்டியலைத் திறக்கும் வரியில் கோப்புப் பெயரின் ஓர் எழுத்து பெரிதாக இருந்தாலும் ரன்னரில் உடையும்.

மூன்றாவது, நேரம். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், நம் ஊரில் இருந்து வேலை செய்கிறவர்களைக் குறிவைத்து வரும் பிழை இது. கிட்ஹப்பின் ரன்னர் உலகப் பொது நேரத்தில் இருக்கிறது, நாம் அதைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால் இருக்கிறோம். நம் ‘தினம் ஒரு சொல்’ செயல்பாடு, ரன்னரின் தேதியைப் பார்த்துச் சொல்லை எடுக்கிறது. டெஸ்ட்டோ இந்திய நேரப்படி இன்றைய சொல் எது என்று எதிர்பார்க்கிறது. பகலெல்லாம் தேறும். நள்ளிரவு 12 முதல் அதிகாலை 5.30 வரை மட்டும் தோற்கும், ஏனென்றால் நமக்கு விடிந்த தேதி அங்கே இன்னும் பிறக்கவில்லை. இரவு ஒரு மணிக்கு புஷ் செய்து சிவப்பு வாங்கி, காலை பத்து மணிக்கு மறுபடி ஓட்டினால் பச்சை. ‘சும்மா எப்பவாவது வரும், ரீரன் கொடுத்தால் போய்விடும்’ என்று இதை விட்டுவிடுவார்கள். விடாதீர்கள். செயல்பாடு தேதியைத் தானே கேட்டு வாங்காமல், வெளியிலிருந்து பெறும்படி எழுதுங்கள். டெஸ்ட்டில் ஒரு நிலையான தேதியைக் கொடுங்கள்.

நான்காவது, எழுத்துக் குறியாக்கம். லினக்ஸ் ரன்னரில் ஒரு தொல்லையும் இருக்காது. விண்டோஸ் ரன்னரையும் சேர்த்த அன்று இது எழும். குறியாக்கம் எது என்று சொல்லாமல் ஒரு கோப்பைத் திறந்தால், விண்டோஸ் ரன்னரில் பைத்தான் 3.14 வரையிலான பதிப்புகள் இயல்பாகப் பழைய 1252 குறியாக்கத்தில்தான் படிக்கும். தமிழ்ப் புள்ளி யூடிஎஃப் 8-இல் மூன்று பைட், அதன் கடைசி பைட் 141. 1252-இல் 141-ஆம் இடம் காலி. அதனால் ‘தமிழ்’ என்ற சொல் உள்ள கோப்பு டீகோட் பிழையோடு உடையும். அது நல்லது, உடைந்தால் தெரிந்துவிடும். ‘மாலை’ என்ற சொல்லைப் பாருங்கள். அதில் புள்ளி இல்லை. அதன் 12 பைட்டுக்கும் 1252-இல் ஏதோ ஓர் எழுத்து இருக்கிறது. பிழை எதுவும் வராமல் 12 குப்பை எழுத்துகளாக உள்ளே போய்விடும். சொற்பட்டியல் முழுக்க இப்படிப்பட்ட சொற்களாகவே இருந்தால் கோப்பு சரியாகத் திறந்தது என்றே நினைப்பீர்கள். கோப்பைத் திறக்கும் ஒவ்வோர் இடத்திலும் என்கோடிங் யூடிஎஃப் 8 என்று எழுதுங்கள். தமிழில் நிரல் செய்கிறவர்கள் விண்டோஸ் ரன்னர் ஒன்றையும் சேர்த்துக்கொள்வது நல்லது என்று நான் சொல்வதும் இதனால்தான்.

சேர்க்கும்போது, வென்வின் உள்ளே லினக்ஸில் பின் என்று இருக்கும் ஃபோல்டர் விண்டோஸில் ஸ்கிரிப்ட்ஸ் என்று இருக்கும். அதற்கு ஒரு இஃப் வரி தேவைப்படும். முதல் நாளிலேயே மூன்று இயங்குதளம், நான்கு பைத்தான் பதிப்பு என்று 12 ஜாப் (தனித்தனி ஓட்டம்) போட்டுவிடாதீர்கள். ஒன்றில் தொடங்கி, அது நிலைத்த பிறகு இரண்டாவது.

வேகம், ரகசியங்கள்

வேகத்துக்கு இப்போதைக்குச் செய்ய வேண்டியது ஒன்றே: பைத்தான் நிறுவும் ஸ்டெப்பில் கேஷ் என்ற இடத்தில் பிப் என்று எழுதுவது. இறக்கிய பேக்கேஜ்களை அது சேர்த்து வைக்கும், ரிக்வயர்மென்ட்ஸ் கோப்பு மாறினால் தானாகப் புதிய கேஷ் எடுக்கும். ஏழு நாள் யாரும் தொடாத கேஷ் நீங்கிவிடும். மொத்த ஓட்டமும் பத்து நிமிடத்துக்குள் முடிகிறவரை வேறு எதையும் தொட வேண்டாம்.

கடவுச்சொல், டோக்கன் எதையும் ஸ்கிரிப்ட்டிலோ யாமலிலோ எழுதாதீர்கள். ரெப்போ அமைப்புகளில் சீக்ரெட்ஸ் என்ற இடம் அதற்குத்தான். தெரியாமல் கமிட் செய்துவிட்டால், அந்த வரியை அழித்து மறுபடி கமிட் செய்வது போதாது, வரலாற்றில் அது அப்படியே இருக்கும். அந்த டோக்கனையே ரத்து செய்து புதிது வாங்குங்கள். அத்துடன், வெளியார் தங்கள் ஃபோர்க்கிலிருந்து (ரெப்போவின் சொந்த நகலிலிருந்து) அனுப்பும் புல் ரிக்வெஸ்ட்டுக்கு கிட்ஹப் சீக்ரெட்களைத் தராது. ஆகவே டெஸ்ட்களை சீக்ரெட் இல்லாமலே ஓடும்படி எழுதுங்கள். இல்லையென்றால் உங்களுக்கு உதவ வந்த ஒரு மாணவரின் முதல் பங்களிப்பு, அவர் தவறே இல்லாமல் சிவப்பில் நிற்கும்.

கடைசிப் படி: கதவைப் பூட்டுதல்

சிவப்பு வந்தும், மாற்றத்தை மெயின் பிராஞ்சில் சேர்க்கும் மெர்ஜ் பொத்தான் அழுத்தத் தயாராக இருந்தால், அவசரத்தில் யாராவது அழுத்தத்தான் செய்வார்கள். பிராஞ்ச் பாதுகாப்பு அமைப்பில், மெயின் பிராஞ்சுக்கு இந்த ஜாப் தேறியே ஆக வேண்டும் என்று குறித்துவிடுங்கள். பொது ரெப்போக்களுக்கு இது இலவசம். கிட்ஹப் அங்கே ஜாபை அதன் பெயரை வைத்துத்தான் அடையாளம் காண்கிறது. பின்னால் யாமலில் ஜாபின் பெயரை மாற்றினால், பழைய பெயருக்காகக் காத்துக்கொண்டு எல்லா புல் ரிக்வெஸ்ட்டும் நின்றுவிடும். அப்போது பூட்டைக் கழற்றாதீர்கள், பெயரை மட்டும் அங்கேயும் மாற்றுங்கள்.

இன்னொன்று, வாரம் ஒருமுறை தானாக ஓடும்படி ஷெட்யூல் ஒன்றும் சேர்த்துவிடுங்கள். யாரும் நிரலைத் தொடாத மாதங்களிலும் ரன்னரில் இருக்கும் கருவிகள் மாறிக்கொண்டேதான் இருக்கும். உடைந்தால் அந்த வாரமே தெரியட்டும். பொது ரெப்போவில் 60 நாள் எந்த நடமாட்டமும் இல்லையென்றால் கிட்ஹப் இந்த ஷெட்யூலை நிறுத்திவிடும், நிறுத்தினால் ஆக்‌ஷன்ஸ் பக்கத்தில் அதை மறுபடி இயக்கும் பொத்தான் இருக்கும். மூன்று மாதம் கழித்து ஒரு பழைய திட்டத்தைத் திறக்கும்போது, நிரலைப் படிப்பதற்கு முன் அந்தப் பக்கத்தைப் பாருங்கள். கடைசி டிக் எந்தத் தேதியில் விழுந்தது என்று பார்த்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.